இரக்கம் காட்டினால் நீதியை விட்டுக்கொடுத்ததாகிவிடாதா?

"நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று மத்தேயு 5:6 சொல்கிறது. அடுத்த வசனமே "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்கிறது. அநியாயத்தைக் கண்டு கொதிக்கிற மனது, அந்த அநியாயத்தைச் செய்தவருக்கே எப்படி இரங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் பல இரவுகள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு சிறிய சபையில் சில வருடங்கள் பொருளாளராக இருந்தேன். காணிக்கை எண்ணுவதில் எனக்கு உதவியாக இருந்த ஒரு சகோதரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்துவந்தது தெரியவந்தது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பல மாதங்கள். ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்பாகவும் கணக்கு நோட்டை விரித்துக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீதிக்காகத்தான் அதைச் செய்யப்போகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தேயு முதல் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தது. தனக்கு நிச்சயிக்கப்பட்ட மரியாள் கர்ப்பவதியாக இருக்கிறாள் என்று யோசேப்புக்குத் தெரிகிறது. தேவதூதன் இன்னும் வரவில்லை, உண்மை என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் பார்வையில் அது துரோகம்தான். அவர் "நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்" இரகசியமாய்த் தள்ளிவிட, அதாவது அந்த உறவை முறித்துக்கொள்ள, யோசித்தார் என்கிறது 19ஆம் வசனம். நான் எழுதியிருந்தால் 'நீதிமானாக இருந்தும் அவமானப்படுத்தவில்லை' என்றுதான் எழுதியிருப்பேன். நம் வேதாகமத்தில் அந்த 'உம்' இல்லை. அவமானப்படுத்த மனதில்லாததும் அவருடைய நீதியின் பகுதிதான் என்பதுபோல இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்த வசனம், அன்றைக்குத்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

'நீதி' என்றதும் நம் மனதில் நீதிமன்றமும் தண்டனையும்தான் வருகின்றன. எபிரெயத்தில் அதற்குரிய சொற்களில் ஒன்று 'செதாக்கா'. ஏழைக்குக் கொடுக்கிற தர்மத்துக்கும் யூதர்கள் பிற்காலத்தில் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த மரபில் வளர்ந்தவர்களிடம்தான் இயேசு மலைமேல் பேசினார். நீதிக்கும் இரக்கத்துக்கும் நடுவே நாம் கட்டியிருக்கிற சுவர் அவர்களுக்கு அவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்காது.

அப்புறம் 'பசிதாகம்' என்ற சொல். இதை நான் ரொம்ப நாள் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். மற்றவர்கள் நீதியாக நடக்கவேண்டும் என்ற ஆவேசம்தான் நீதியின்மேல் பசி என்று நினைத்தேன். ஆனால் பசி என்பது இல்லாதவனுக்கு வருவது. என்னிடம் நீதி இல்லை, எனக்கு அது வேண்டும் என்று தவிப்பவன்தான் பசித்தவன். லூக்கா 18இல் ஆலயத்தில் நின்று, தான் வாரத்தில் இரண்டுதரம் உபவாசிப்பதைச் சொல்லி ஜெபித்த பரிசேயனுக்கு (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) அந்தப் பசி இல்லை, அவன் ஏற்கெனவே வயிறு நிறைந்தவன். தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்தான், அதாவது வரி வசூலிப்பவன்தான், பசித்தவன். அவனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் என்றார் இயேசு.

இதைப் புரிந்துகொண்டபின் ஆறாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனத்துக்குப் போகிற வழி எனக்குத் தெரிந்தது. பசித்தவனுக்குத்தான் இன்னொருவனின் பசி தெரியும். என் சகோதரரை எல்லார் முன்பாகவும் நிறுத்தத் துடித்தபோது நான் பசித்தவனாக இல்லை. நான் கைசுத்தமானவன் என்று எல்லாரும் பார்க்கவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை ஒத்துக்கொள்ள ரொம்ப வலித்தது.

சரி, அதற்காகத் திருட்டை மூடி மறைத்துவிடலாமா? கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையைப் பாருங்கள். ராஜா 10,000 தாலந்து கடனை மன்னித்தார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒருநாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் அடைக்க 1,60,000 வருடங்களுக்கு மேலாகும். மன்னிப்புப் பெற்றவனோ தன்னிடம் 100 வெள்ளிப்பணம் வாங்கியவனின் தொண்டையைப் பிடித்தான். அந்த நூறும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை இயேசு அற்பமென்று தள்ளவில்லை. நமக்கு மன்னிக்கப்பட்டதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ராஜா மன்னித்தது தனக்கு வரவேண்டிய கடனை. இன்னொருவருக்குச் சேரவேண்டியதைத் தள்ளுபடி செய்ய எனக்கு உரிமை இல்லை. காணிக்கைப் பணம் என்னுடையது அல்ல, சபையுடையது. அதனால் அது திரும்ப வரவேண்டியிருந்தது. என் கையில் இருந்ததெல்லாம் என் கோபமும், அவரை அவமானப்படுத்துகிற வாய்ப்பும்தான். அந்த இரண்டையும்தான் நான் விட்டுவிட முடியும். வீட்டில் அடிவாங்குகிற பெண்ணிடம் போய் 'மன்னித்துப் பொறுத்துக்கொள்ளம்மா' என்று சொல்லிவிட்டு அதை இரக்கம் என்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. காயப்பட்டவர் செலவில் நாம் காட்டுகிற தாராளம் அது. நியாயம், இரக்கம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது மீகா 6:8.

நான் கடைசியில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடம் தனியாகப் பேசினேன். முதலில் மறுத்தார், பிறகு அழுதார். வீட்டில் ஒருவருக்கு நீண்ட நாள் வைத்தியம், கடன்மேல் கடன். அது திருட்டை நியாயமாக்கிவிடாது. ஆனால் அவ்வளவு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பணம் எண்ணிய நான் ஒருநாள்கூட 'வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?' என்று கேட்டதில்லை. பிறகு போதகரிடமும் மூப்பர் ஒருவரிடமும் அவரையே சொல்லவைத்தோம். காணிக்கை எண்ணும் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள், அந்தப் பொறுப்பை அவருக்கு இதுவரை திரும்பக் கொடுக்கவும் இல்லை. அது சரிதான் என்றே நினைக்கிறேன். பணத்தைத் தவணையாகக் கட்ட ஏற்பாடானது. வைத்தியச் செலவுக்குச் சிலர் தனியாகக் கைகொடுத்தோம்.

உங்களுக்கு அநியாயம் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் மனந்திரும்பியிருக்கிறாரா என்றும் நீங்கள் எழுதவில்லை. திரும்பாதவரிடம் உறவு பழையபடி ஆகாது, அதற்காக உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். சட்டப்படி நியாயம் கேட்கவேண்டியிருந்தால் கேளுங்கள். கேட்கப் போகும்முன் அவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை ஜெபித்துப் பாருங்கள். எனக்கு முதல் நாள் பெயருக்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் சகோதரர் கடைசித் தவணையைக் கொண்டுவந்த அன்று ரசீது எழுதியது நான்தான். தொகையைச் சரிபார்க்கச் சொல்லி அவரே பணத்தை என் முன்னால் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். எண்ணி முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.