விதைப் புற்று: பட்டவன் பதில்கள்

முப்பது வயதில் எனக்கு இடது விதையில் புற்று வந்தது. அறுவையும் கீமோவும் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவன் அல்லன். பட்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

அண்ணா, கட்டி தட்டுப்படுகிறது, ஆனால் வலியே இல்லை. பயப்பட வேண்டுமா?

வலி இல்லாததுதான் இதில் ஆளை ஏமாற்றுகிறது, தம்பி. எனக்கும் வலிக்கவில்லை, ஒரு பக்கம் கனத்தது, அவ்வளவுதான். விதைப்பையில் நீர் கோத்த வீக்கமாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தடவிப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். இந்த வாரமே சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். 15 முதல் 35 வயதுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

முதலில் ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கமாட்டார்களா?

பொதுவாக மாட்டார்கள். விதைப்பையில் குத்தினால் புற்று வேறு வழியில் பரவ இடமுண்டு. தொடை மடிப்புக்குச் சற்று மேலே கீறி, விதையை முழுதாக எடுத்தே சோதனைக்கு அனுப்புகிறார்கள். தழும்பைப் பார்த்துக் கேட்பவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் தப்பிப்பதில்லை.

என் மகனுக்கு அடுத்த வாரம் கீமோ. பேரன் பேத்தி பார்ப்பேனா?

அம்மா, கீமோ தொடங்கும் முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். மிச்சமுள்ள விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் கீமோ விந்தணுக்களைக் குறைத்துவிடும். பலருக்குச் சில ஆண்டுகளில் மீளும், சிலருக்கு மீளாது. என்னிடம் மருத்துவர்கள் யாரும் இதைப் பேசவில்லை. ஒரு செவிலியர்தான் காதில் போட்டார். கல்யாணமாகாத பையனிடம் பேசக் கூச்சமாக இருந்தால் தாய்மாமனைப் பேசச் சொல்லுங்கள்.

கீமோ தாங்க முடியுமா?

எனக்குப் பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகளும் 21 நாளுக்கு ஒரு சுற்றாக ஏறின. குமட்டலுக்கு நல்ல மருந்து இருக்கிறது; ரசம்கூடத் தகரமாகச் சுவைத்ததற்குத்தான் மருந்தில்லை. முடி திரும்ப வளர்ந்தது. சிஸ்பிளாட்டின் விட்டுப்போன காது இரைச்சல் இன்னும் இருக்கிறது. பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. பின்னாளில் எந்த அறுவை என்றாலும் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

பரவிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பரவிய நிலையிலும் பலர் முழுதாகக் குணமாகிறார்கள். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது, பிழைத்தார். (ஊக்கமருந்து விவகாரம் தனிக் கதை.)

செயற்கை விதை வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், சிலிக்கோனில் கிடைக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை, என் மனைவியும் கேட்கவில்லை.