ஊர்ந்து திரியும் அனிமோனை என்ன செய்வது?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டரை மாதம் ஆகிறது. கொஞ்சம் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள்), இரண்டு நீமோ மீன்கள், சில மென்பவளங்கள் இருக்கின்றன. பத்து நாளுக்கு முன் பபுள் டிப் அனிமோன் (பூ மாதிரி விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடலுயிர்) ஒன்று வாங்கி விட்டேன். வைத்த இடத்தில் நிற்காமல் இரவெல்லாம் ஊர்கிறது. இப்போது பின்கண்ணாடியில், வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) ஒரு சாண் தள்ளி ஒட்டியிருக்கிறது. மாலையானால் சுருங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிவிடுகிறது. கடைக்காரர் சொன்னபடி தினமும் இறால் கொடுக்கிறேன், மறுநாள் துப்பிவிடுகிறது. மீன்கள் அதன் பக்கமே போவதில்லை. தண்ணீர் 31 டிகிரி காட்டுகிறது. பிழைக்குமா?

பதில்: மீதியைப் படிப்பதற்கு முன் எழுந்துபோய் வேவ்மேக்கரை நிறுத்துங்கள். அதன் வாயைச் சுற்றிப் பெரிய துளையுள்ள ஸ்பாஞ்சோ பிளாஸ்டிக் வலையோ கட்டிவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். தொட்டியில் அனிமோன் சாவதற்கு மோட்டாரும் ஒரு முக்கியக் காரணம். என் முதல் அனிமோனை அப்படித்தான் இழந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி முழுக்கப் பால் கலந்தது போல வெள்ளை. வேவ்மேக்கர் இடுக்குகளில் பிசுபிசுப்பான நார் நாராக அதன் உடல். மதியத்துக்குள் மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிட்டன. சிதைந்த அனிமோன் தொட்டியில் அம்மோனியாவை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அடுத்து, இறாலை நிறுத்துங்கள். அனிமோனுக்கு இருப்பது ஒரே வாசல். உண்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். அது துப்புவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறக் கோழையாக வந்தால் கழிவு, கவலை வேண்டாம். இறால் துண்டு வெளுத்துப்போய், உருவம் மாறாமல் அப்படியே வந்தால் செரிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான். களைத்துக் கிடக்கும் உயிருக்குத் தினமும் ஊட்டுவது அதன் தெம்பைத்தான் உறிஞ்சும்; செரிக்காத இறால் தண்ணீரையும் கெடுக்கும். ஓரிடத்தில் ஒட்டி, பகலில் விரிந்து நின்ற பிறகு வாரத்துக்கு ஒருமுறை, அதன் வாயைவிடச் சிறிய துண்டாக, உப்போ மசாலாவோ படாத இறாலோ மீனோ போதும்.

ஏனென்றால் அதன் அன்றாடச் சாப்பாடு வெளிச்சம். திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் தயாரிக்கும் சர்க்கரையில்தான் அனிமோன் பெரும்பாலும் வாழ்கிறது. உடம்பில் இருக்கும் பழுப்பு அந்தப் பாசியின் நிறம். வாங்கும்போது தும்பைப்பூ போல வெள்ளையாகவோ, பளிச்சென்ற மஞ்சளாகவோ இருந்ததா? வெள்ளை என்றால் பாசியை இழந்தது. பளிச் மஞ்சள் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. அப்படியானால் தேறுவது கடினம், மாதக்கணக்கில் ஆகும். பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் நம்பிக்கையோடு இருக்கலாம். அலங்காரத்துக்கு விற்கும் நீல எல்.ஈ.டி. பட்டை போதாது; பவளம் வளர்க்கவென்றே வரும் விளக்கு வேண்டும். புது விளக்கைப் போட்டால் முதல் நாளே முழுச் சக்தியில் எரியவிடாதீர்கள். பாதியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள்.

இனி ஊர்வதைப் பற்றி. இந்த வகை கடலில் பாறை இடுக்கில் பாதத்தை ஆழமாகச் செருகிக்கொண்டு, மேலே மட்டும் விரிந்து நிற்பது. நிழலில் பாதம், வெளிச்சத்தில் கை (அதாவது மேலே விரியும் உணர்விழைகள்), நடுவே மிதமான நீரோட்டம். இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் அலைகிறது. நீங்கள் தட்டையான கல்லின்மேல் வைத்திருப்பீர்கள். விளக்குக்குக் கீழே, இரண்டு விரல் நுழையும் அளவு இடுக்கு வருமாறு கற்களை அடுக்கிக் கொடுங்கள். (புதுக் கல் வாங்கினால் செயற்கைக் கல்லாகப் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைத் துண்டை லைவ் ராக் என்று விற்றால் தொடவே வேண்டாம். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; அவை கடலில் இருக்கவேண்டியவை.) கண்ணாடியிலிருந்து அதைப் பிய்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. எங்கே ஒட்டுகிறதோ அதுதான் அதன் இடம். மென்பவளத்தை உரசினால் பவளத்தைத்தான் நகர்த்த வேண்டும். அனிமோன் கொட்டும், பக்கத்தில் இருப்பது வாடும்.

ஆனால் இடுக்கு மட்டும் காரணமில்லை. 31 டிகிரி அதிகம். 25, 26 டிகிரியில் நின்றால் நிம்மதியாக இருக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், உள்ளிருக்கும் பாசியும் வெளியேறத் தொடங்கும். கடலில் பவளம் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின்மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது; சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கத்தான் வேண்டும். ஐஸ் போட்டு ஒரேயடியாகக் குளிர்விக்காதீர்கள். ஒரு நாளில் ஒரு டிகிரி குறைந்தால் போதும்.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை உப்புநீரால் நிரப்பக்கூடாது. ஆர்.ஓ. தண்ணீரை விடுங்கள், அதுவும் தினமும் கொஞ்சமாக. வாரக்கடைசியில் ஒரு குடம் சேர்த்து ஊற்றினால் உப்பு சட்டென்று இறங்கி அனிமோன் மறுபடி கிளம்பிவிடும். போர்வெல் தண்ணீரில் உப்பு கரைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கரைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள், ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, சுத்தமாக இல்லாமல் போவதும் நல்லதில்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டுகூட இந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டரை மாதத் தொட்டி அனிமோனுக்குச் சின்னக் குழந்தை. பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் நிலைத்து, தண்ணீர் ஒரே சீராக நிற்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அனிமோன் தானாகக் கண்ணாடியை விட்டபின் அவரிடம் கொடுத்துவையுங்கள். இது பொறுமைக்குப் பலன் தரும் உயிர். ஸ்காட்லாந்தில் இயற்கை ஆய்வாளர் சர் ஜான் டேலியெல் 1828இல் கடற்கரையில் எடுத்து வளர்த்த ஒரு சிறு அனிமோன், அவர் காலத்துக்குப் பிறகும் கை மாறிக் கை மாறி 1887 வரை வாழ்ந்தது. பாட்டி என்றே அதைக் கூப்பிட்டார்கள். விளக்கோ மோட்டாரோ கிடையாது. கண்ணாடி ஜாடி, மாற்றிக்கொண்டே இருந்த கடல்நீர், அவ்வளவுதான். உங்களுடையது வேறு வகை, அதற்கு வெளிச்சமும் வேண்டும். ஆனாலும் தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கும் கைதான் அனிமோனைக் காப்பாற்றுகிறது.

மாலையில் சுருங்குவதைக் கண்டு பதற வேண்டாம். உள்ளிருக்கும் பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் எடுக்க எல்லா அனிமோனும் சுருங்கும். மறுநாள் விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் விரிகிறதா என்று பாருங்கள். விரிந்த கையை ஒரு மெல்லிய குச்சியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். வாய் நாள் முழுக்க ஆவென்று திறந்து, உள்ளிருந்து வெள்ளை நூல் போலத் தொங்கினால் ஆபத்து. பாதம் எங்கும் ஒட்டாமல் உருண்டு, அழுகிய வாடை வந்து, தொட்டால் கரைந்தால் முடிந்துவிட்டது. அப்போது விடியட்டும் என்று காத்திராமல் கையுறை போட்டு எடுத்துவிட்டு, கால்பங்குத் தண்ணீரையாவது உடனே மாற்றுங்கள்.

மீன்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீமோ என்று நாம் சொல்லும் ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், கடலில் பபுள் டிப்பில் குடியிருப்பதில்லை. அதன் வீடு வேறு அனிமோன்கள். தொட்டியில் பல ஜோடிகள் இதையும் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கடையில் கிடைப்பவற்றில் பல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்து, அனிமோனைக் கண்ணால்கூடப் பார்க்காதவை. மீனுக்கு அனிமோன் இல்லாமலும் ஒரு குறையும் வராது. இப்போது போகாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. சுருங்கிக் கிடக்கும் அனிமோனுக்குள் இரண்டு மீன்கள் புகுந்து புரண்டால் அது விரியவே விரியாது. ஒருவேளை இப்போதே உரச ஆரம்பித்தால், துளையுள்ள பிளாஸ்டிக் கூடையொன்றை அனிமோன்மேல் கவிழ்த்து, அது தேறும்வரை மீன்களைத் தள்ளி வையுங்கள்.