தம்பி அக்னிவீர் ஆகணும்னு ஒற்றைக்காலில் நிற்கிறான், அம்மா அழுகிறார். அனுப்பலாமா?

"ராணுவத்தில் இருந்தவர்களின் வீட்டார் பதில் சொன்னால் நல்லது" என்று கேள்விக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்த பதில்களில் பாதி "ஜெய்ஹிந்த், பெருமைப்படுங்கள்" ரகம். மீதி "நாலு வருஷ கான்ட்ராக்டுக்கு உயிரை விடணுமா" ரகம். வீட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராணுவத்துக்கு எதிரானவள் இல்லை. நாங்கள் சாப்பிட்டது ராணுவச் சம்பளம், அம்மாவுக்கு இன்றும் வருவது ராணுவக் குடும்ப பென்ஷன். கீழே ஈழத்தைப் பற்றியும் வரும். அதற்காக எனக்கு வரலாற்று வகுப்பு எடுக்க யாரும் கிளம்பி வர வேண்டாம். இரண்டு பக்கத்திடமும் நாங்கள் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அக்னிவீர் என்றால் நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவ வேலை. முதல் வருஷம் மாதம் 30,000 என்பார்கள், கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், அதே அளவு அரசும் போடும். நாலாவது வருஷம் 40,000, கையில் 28,000. வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. பணியில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் அதோடு வரும் மருத்துவ வசதியும் இல்லை. நூற்றில் 25 பேர் வரைதான் தொடர முடியும். 2023 ஜனவரி வாக்கில் பயிற்சிக்குப் போன முதல் பேட்சுக்கே 2026 கடைசியில்தான் நாலு வருஷம் முடிகிறது. அதனால் "வெளியே வந்தால் இந்த வேலை நிச்சயம், அந்த வேலை நிச்சயம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வடசென்னை வியாசர்பாடி. தாத்தா பி அண்ட் சி மில் தொழிலாளி. மில்லை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவரே மகனை 1977-ல் பட்டாளத்துக்கு அனுப்பினார். நைனாவுக்கு அங்கே டிரைவர் வேலை, சக்திமான் லாரி. தெருவில் அவருக்குப் பெயரே மிலிட்டரிதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள், இந்திய அமைதிப்படை இலங்கைக்குக் கிளம்பியது. நைனாவின் யூனிட்டும் போகிறது என்று கடிதம் வந்தபோது ஆடி மாதம். "நம்ம ஜனத்தைக் காப்பாத்த என் புள்ள போறான்" என்று ஆயா தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார். அன்றைக்குத் தெருவே எங்கள் பக்கம். இலங்கையில் நடந்த 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உண்டியல் குலுக்கிய தெரு அது. அகதிகளாக வந்தவர்களுக்குத் துணியும் பாத்திரமும் கொடுத்தவர்கள் அவர்கள்.

அக்டோபரில் புலிகளோடு சண்டை ஆரம்பித்தது. கடிதம் நின்றுபோனது. வீட்டில் இருந்ததெல்லாம் "கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ." என்ற ராணுவத் தபால் விலாசம் மட்டும்தான். அது எந்த ஊர் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது.

டீக்கடையில் ராத்திரி பிபிசி தமிழோசை போடுவார்கள். ஆண்கள் கூட்டமாக நின்று கேட்பார்கள். அம்மா கேட்க வேண்டுமென்றால் எதிரே இருந்த அடிபம்புக்குக் குடத்தோடு போக வேண்டும். ஏற்கெனவே நிரம்பிய குடத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் திரும்ப அடிப்பார். நானும் கூடவே போவேன், சின்னக் குடத்தோடு. கண்ணிவெடியில் இந்திய ராணுவ வண்டி சிக்கியது, இத்தனை பேர் பலி என்று செய்தி வாசித்தால் கடையில் விசில் பறக்கும். "பசங்க வெச்சான் பாரு ஆப்பு!" அம்மா பம்பை இன்னும் பலமாக அடிப்பார். விசிலடித்தவர்களில் ஒருத்தர் எங்களுக்கு மாமா முறை. மறுநாள் காலையில் அவரேதான் வீட்டுக்கு வந்து, "லெட்டர் கிட்டர் வந்துச்சா அக்கா?" என்று கேட்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார். அந்த ஆள்களை அம்மா ஒருநாளும் திட்டியதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்தப் பக்கம் அந்த இரண்டரை வருஷத்தில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்தார்கள். நைனா அந்த ஆஸ்பத்திரி பக்கம் இருந்தாரா என்று கேட்காதீர்கள். அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

1990 மார்ச்சில் கடைசிப் படையணிகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. பேப்பரில் வந்தது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நைனாவும் அந்தக் கப்பல்களில் ஒன்றில்தான் வந்தார். துறைமுகத்திலிருந்து வியாசர்பாடி பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் கப்பலிலிருந்து நேராக ரயிலேற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் லீவு கிடைத்தது. எப்போதும் யூனிஃபார்மில் விறைப்பாக வந்து இறங்குகிற மனுஷன் அந்த முறை வேட்டி சட்டையில் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியின்மேல் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்த நம்பரும் பெயரும் தெரியாதபடி போர்வை சுற்றியிருந்தது.

டீக்கடையில் கேட்டார்கள். "இன்னா மிலிட்டரி, நம்மாளுங்கள எத்தினி பேரத் தூக்கின?" பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வருஷம் மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அதற்கடுத்த லீவில் அதே கடை, அதே ஆட்கள்: "இன்னா மிலிட்டரி, அவனுங்கள அப்பவே முடிக்காம வுட்டு வந்துட்டீங்களே?" அதற்கும் பதில் இல்லை. அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

93-ல் பென்ஷனோடு வெளியே வந்தார். மிலிட்டரி டிரைவர் என்றால் சும்மாவா, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் வேலை உடனே கிடைத்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி ஓட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. ரோட்டில் சின்னக் கல்வெர்ட் பாலம் வந்தால் போதும், வண்டியை ஓரம் கட்டுவார். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி அடியில் பார்ப்பார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுற்றுமுற்றும் ஒயர் போகிறதா என்று ஒருமுறை. அப்புறம்தான் வண்டி நகரும். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் பின்னால் இருப்பவன் வாயில் என்னென்ன வரும் என்று. மணலி பக்கம் ஒரு ராத்திரி கிளீனர் பையன் பயந்து ஓடியே போய்விட்டான். வேலை போனது. அடுத்த இடத்திலும் அதே கதை. கடைசியில் ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி. அது அசையாத வேலை, அதில்தான் நிலைத்தார்.

சொந்தக்காரர்கள் "இன்னும் மிலிட்டரி ஜம்பம் போகலை" என்றார்கள். அதே வாயால் கேன்டீன் ரம் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்கள். நைனாவும் குடித்தார். அதை விரிவாக எழுத எனக்கு இஷ்டமில்லை.

யாருக்கும் வாய் திறக்காத மனுஷன் எங்கள் தெருக் கோடி பர்மாப் பாட்டியிடம் மட்டும் பேசியிருக்கிறார். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறைய உண்டு. பாட்டி அறுபதுகளில் இரண்டாம் தடவையாக, கப்பலில் வந்தவர். அதற்கு முன்பே, 42-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, சிறுமியாகக் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்து, தம்பியை வழியில் பறிகொடுத்தவர். சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடுவார். நைனா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நைனா காலமான பிறகு பாட்டி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

முன்னால் போன வண்டி ஒரு கல்வெர்ட்டில் வெடித்திருக்கிறது. ஓட்டியவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், கிளம்பும்போது நைனாவிடம் பீடி வாங்கிக்கொண்டு போனவர். இது ஒன்று. இன்னொன்று, தமிழ் தெரிந்த ஆள் என்று செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்களாம். ஆபீசர் இந்தியில் கேட்பார், இவர் தமிழில் கேட்க வேண்டும். ஒரு அம்மா தினமும் வந்து, "தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே, என்ர மகனை எங்க வச்சிருக்கினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்று நிற்பாராம். இவர் கேட்பார், ஆபீசர் விரட்டச் சொல்வார். அதை அப்படியே சொல்ல நாக்கு வராமல் "வந்துடுவான்மா, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பையன் வந்தானா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. யூனிட் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. "நான் சொன்ன பேச்ச நம்பி அந்தம்மா இன்னும் வாசல்லயே குந்திகினு இருக்குமோ" என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டே இருப்பாராம். சுடுவதற்கும் சாவதற்கும் எல்லாரும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துவிட்டு அமெரிக்க டாக்டர்கள் 1980-லேயே, சண்டையில் பார்த்தது மனசை விட்டுப் போகாத இந்த நிலையை ஒரு நோயாகத் தங்கள் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். நைனா வெளியே வந்த 93-ல் எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஒருமுறை அம்மா தயங்கித் தயங்கிக் "கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் காட்டலாமா" என்று கேட்டதற்கு, "பொண்ணுக்குக் கல்யாணம் ஆக வேணாமா?" என்று பெரியப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்தப் பொண்ணு நான்தான்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், ராணுவத்துக்கே பேர் போனது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனும் அதே மாதிரி எதையோ பார்த்துவிட்டு வந்தவனாக இருப்பான். எங்கள் தெருவில் நைனா ஒற்றை ஆள். அவர் பட்ட கஷ்டத்தில் பாதி சண்டையில் வந்தது, மீதி பேச ஆளில்லாத இந்தத் தெருவில் வந்தது என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு என் சொந்தத் தம்பியும் பட்டாளத்துக்குத்தான் போகிறேன் என்றான். விடிகாலையில் முல்லை நகர் பக்கம் ஓடி ஓடிப் பழகி, ஆள்சேர்ப்பு ரேலியில் ஓட்டம், மெடிக்கல், எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸ். கடைசியில் போலீஸ் வெரிஃபிகேஷன். கோயில் திருவிழாவில் நடந்த ஒரு கைகலப்பில் தெருப் பசங்க எல்லார் பெயரையும் மொத்தமாக எழுதியிருக்கிறார்கள், இவன் பெயரும் அதில். அன்றைக்கு இவன் திருவிழாவிலேயே இல்லை. கோர்ட்டில் கேஸ் நிற்கவும் இல்லை. வேலை போனதுதான் மிச்சம். அண்ணா நகரில் ரெண்டு பையன்கள் அடித்துக்கொண்டால் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள், வியாசர்பாடி என்றால் எஃப்ஐஆர். சினிமாக்காரர்கள் வேறு எங்களுக்குக் கையில் கத்தி, கழுத்தில் கர்ச்சீப் தவிர எதுவும் கொடுப்பதில்லை. இங்கே ஃபுட்பால் ஆடுகிறவன், பாக்ஸிங் பழகுகிறவன், துறைமுகத்தில் ஷிப்பிங் பில் போடுகிற என்னை மாதிரி ஆள் எல்லாம் எந்தப் படத்தில் வருகிறார்கள்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுத ஆரம்பித்தால் வந்துவிடுகிறது.

உங்கள் தம்பி விஷயம். போகணும் என்று உறுதியாக இருந்தால் போகட்டும். தடுத்து வைத்தால் காலம் முழுக்க உங்களைத்தான் சொல்லிக் காட்டுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் முழு மார்க், புல்-அப்ஸ் பத்து எடுக்கணும். இப்போது எழுத்துத் தேர்வு முதலிலேயே ஆன்லைனில் வந்துவிடுவதால் அதை அசட்டை பண்ண வேண்டாம். வேலையில் சேரும்வரை தெருவில் சண்டை நடக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்கக்கூட நிற்க வேண்டாம். அந்த 11 லட்சத்தை நம்பி இப்போதே வீடு, தங்கச்சி கல்யாணம் என்று யாரும் திட்டம் போடக்கூடாது. 21, 22 வயதில் வெளியே வருபவனுக்கு அதுதான் முதலீடு. லீவில் வரும்போது "எத்தனை பேரைச் சுட்ட" என்று கேட்கிற மாமன் மச்சானை வாசலிலேயே நிறுத்துங்கள். ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தால் கீழ்ப்பாக்கமோ வேறு எங்கேயோ, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கல்யாண மார்க்கெட் பற்றிப் பெரியப்பாக்கள் பேசினால் என்னைக் காட்டுங்கள், எனக்குக் கல்யாணமாகிப் பையன் காலேஜ் படிக்கிறான்.

அவனுக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் விண்ணப்பத்தில் பெற்றவர்கள் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். உங்கள் அம்மா அழுதுகொண்டே போட்டுவிடப் போகிறார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அதில் எழுதியிருப்பதைத் தமிழில் வரிக்கு வரி சொல்லிவிட்டு வாங்குங்கள்.