கொங்குப் பகுதியிலிருந்து மத்திய அரசு வேலைக்குப் போவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

கேள்வி கேட்டவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் என்றும், பட்டப்படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகளாக எஸ்.எஸ்.சி. எனப்படும் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை எழுதிவருகிறார் என்றும், "சான்றிதழ்கள் எல்லாம் தயார், மதிப்பெண்தான் எட்டவில்லை" என்றும் குறிப்பிட்டிருக்கிறார். மதிப்பெண்ணைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். சான்றிதழ்கள் எல்லாம் தயார் என்ற அந்த ஒரு வரியைப் படித்தபிறகுதான் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் 2016-இல் நானும் அதே சொற்களைத்தான் என் அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் நிலையில் 100 கேள்விகள், 200 மதிப்பெண்கள், ஒரு மணி நேரம், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. கணக்கும் பகுத்தறிதலும் பழகப் பழக வந்துவிடும். தமிழ்வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இடறுவது ஆங்கிலப் பகுதிதான், கேள்வித்தாளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. இதைச் சொன்னவுடன் மொழி அரசியல் பேசுகிறேன் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ரயில்வே தேர்வைத் தமிழில் எழுதலாம். 2023 முதல், எஸ்.எஸ்.சி.யே பத்தாம் வகுப்புத் தகுதிக்கு நடத்தும் எம்.டி.எஸ்., பிளஸ் டூ தகுதிக்கு நடத்தும் சி.எச்.எஸ்.எல். தேர்வுகளுக்கும் தமிழ்க் கேள்வித்தாள் உண்டு. 2019 ஜூலையில் அஞ்சல் துறைத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடந்தபோது, மாநிலங்களவையில் தமிழக உறுப்பினர்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் அந்தத் தேர்வே ரத்தானது. ஆகவே மொழி ஒரு தடைதான், ஆனால் என்னைக் கீழே தள்ளியது அது அல்ல.

என்னைத் தள்ளியது ஒரு சான்றிதழ். உங்கள் வீட்டிலும் உங்களுக்கு முன்னால் மத்திய அரசு வேலைக்குப் போனவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு விரிவாகவே எழுதுகிறேன்.

2015-ஆம் ஆண்டு சி.ஜி.எல். தேர்வை நான் எழுதியபோது எனக்கு 26 வயது. எங்கள் ஊர் பல்லடத்திற்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் கூலிக்கு ஓட்டும் எட்டு விசைத்தறிகளும் மூன்று ஏக்கர் தோட்டமும் உண்டு. இரண்டு நிலைகளிலும் இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) பிரிவில் தேறி, அடுத்த ஆண்டு சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பட்டச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் ஒரு நீல நிறக் கோப்பில் அடுக்கி, எங்கள் சாதிச் சான்றிதழை மட்டும் கிழிந்துவிடக் கூடாது என்று லேமினேஷன் செய்து எடுத்துச் சென்றேன். மேசைக்கு அந்தப்புறம் இருந்த அம்மையார் ஒவ்வொரு தாளாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தவர், அந்த லேமினேஷன் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார்.

"தம்பி, இது ஸ்டேட் கவர்மென்ட்டுக்குக் குடுக்கறது. சென்ட்ரல் ஃபார்மட்ல ஓ.பி.சி. சர்டிபிகேட் எங்கே?"

"இதுதானுங்க மேடம். தாசில்தார் கையெழுத்து இருக்குதுங்க."

"கையெழுத்து இருக்கு. கிரீமி லேயர்ல வரமாட்டீங்கன்னு ஒரு வரி இருக்கணுமே, அது எங்கே இருக்குன்னு காட்டுங்க."

கிரீமி லேயர் என்றால் பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிகுந்தவர்கள், அவர்களுக்கு மத்திய அரசின் ஒதுக்கீடு கிடையாது. காட்டுவதற்கு அதில் அப்படி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டு அரசின் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு வருமான வரம்பு கிடையாது, ஆகவே மாநிலச் சான்றிதழுக்கு அந்த வரி தேவைப்படுவதில்லை. மத்திய அரசின் 27 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு அந்த வரிதான் உயிர். அம்மையார் குரலை உயர்த்தவில்லை, கோபப்படவும் இல்லை. என் பெயருக்கு நேராக ஓ.பி.சி. என்று இருந்ததைப் பென்சிலால் அடித்து யு.ஆர்., அதாவது பொதுப்பிரிவு, என்று எழுதினார், அவ்வளவுதான். பொதுப்பிரிவு கட்-ஆஃபுக்கு என் மதிப்பெண் 11 குறைவு.

தேர்வு அறிவிக்கையின் பின்னிணைப்பில் அந்தச் சான்றிதழின் மாதிரிப் படிவம் அச்சாகியிருந்தது, நான் பாடத்திட்டம் இருந்த பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன், ஆகவே தவறு முதலில் என்னுடையது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பின்னூட்டத்தில் வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மனக்குறை இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் இதைப் பற்றி நேரில் விசாரித்தேன். "எல்லாம் ஒண்ணுதாம் போங்க" என்று அங்கே சொன்னார்கள். எந்த அலுவலகம், யார் என்று எழுதமாட்டேன். அவருக்கு ஐந்து விநாடி வேலை, எனக்கு நான்கு ஆண்டுகள்.

சரியான சான்றிதழை வாங்கியது தனிக்கதை. கிராம நிர்வாக அலுவலர் முதலிலேயே, "தறி ஓடுது, தோட்டம் இருக்குது, உங்களுக்கு எப்படிங்க இது குடுக்கறது?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் 1993 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட குறிப்பாணைப்படி, பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த வருமான வரம்புக் கணக்கில் சேராது; நிலம் எவ்வளவு என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். தறிக்கூலி கணக்கில் சேரும், ஆனால் எட்டுத் தறிக்கூலியில் செலவு போக நின்றது அன்றைய வரம்பான ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு வெகு தூரத்தில் இருந்தது. (2017 செப்டம்பரில் அந்த வரம்பு 8 லட்சமாக உயர்ந்தது.) குறிப்பாணையை அச்செடுத்து, உரிய வரிகளுக்கு அடிக்கோடு போட்டு, மூன்று முறை நடந்து வாங்கினேன். 2017 அறிவிக்கை வந்தபோது எனக்கு 28 வயது. வரி உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பொதுப்பிரிவு வயது வரம்பு 27, ஓ.பி.சி.க்கு மூன்று ஆண்டுகள் தளர்வு உண்டு. அந்தத் தாள் இல்லையென்றால் இந்த முறை விண்ணப்பமே செல்லாது.

அடுத்தது காத்திருப்பு. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள் என்பது என் கணிப்பு, புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

அந்த ஆண்டு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, ஏறத்தாழ பாதிப்பேர் எழுதினார்கள். இடங்கள் ஏறத்தாழ 8,000. 2017 ஆகஸ்டில் முதல் நிலை, 2018 பிப்ரவரியில் இரண்டாம் நிலை. அந்த இரண்டாம் நிலையில் வினாத்தாள் கசிந்தது என்ற புகார் எழுந்து, டெல்லியில் தேர்வர்கள் நாள்கணக்கில் போராட, விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. 2018 ஆகஸ்ட் 31 அன்று முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை விலகியது 2019 மே மாதத்தில், இறுதி முடிவு வந்தது அந்த ஆண்டு நவம்பரில். கசிவால் பயனடைந்தவர்களைத் தேடியதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் அந்த இரண்டேகால் ஆண்டுகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், தறிக் குடோனில் பாவு நூல் பிணைத்துக்கொண்டும் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) எடுத்துப் போட்டுக்கொண்டும் இருந்தேன்.

காத்திருப்பவனைப் பார்த்துக் கொங்கு நாட்டில் யாரும் இரக்கப்படுவதில்லை, கணக்குப் போடுவார்கள். திருப்பூரில் எந்தத் திங்கட்கிழமை போய் நின்றாலும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிடும் என்பதால், வேலையில்லாமல் இருப்பது இங்கே விதியாகத் தெரிவதில்லை, திமிராகத் தெரிகிறது. திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் என் தாய்மாமன் ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள, நாலு ஓவர்லாக் மிஷினப் போட்டிருந்தீன்னா இன்னேரம் அது ஒரு யூனிட்டாயிருக்கும்" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் வலித்தது. பெண் பார்க்கப் போனால் பையன் என்ன செய்கிறான் என்ற கேள்விக்கு, "பரீட்சை எழுதியிருக்கிறான்" என்று 29 வயதில் சொல்லமுடியாது. தரகர் என் ஜாதகத்தை வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

என் பக்கம் நின்றவர் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒருவர்தான். சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, காயிதம் வந்துதா?" என்று கேட்பார். தடை வந்த வாரத்தில் அவரிடம், "இல்லீங்க அப்புச்சி, கேசு நடக்குதுங்க" என்றேன். கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம மேலயா?" என்றார். நம் மேல் இல்லை என்று அவருக்கு விளங்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகும் இரண்டு நாள்கள் அவர் தோட்டத்துப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்த காலத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் தட்டச்சு. வரி உதவியாளர் பணிக்கு 15 நிமிடத்தில் 2,000 விசையழுத்தங்கள் வரும் ஒரு பத்தியைக் கணினியில் அடித்துக் காட்டவேண்டும். வேகம் பெரிதல்ல, பிழைதான் கொல்லும். பல்லடத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு நடுவே, காலை ஆறு மணி வகுப்பில் உட்கார்ந்தேன். தார் எடுத்துக் காய்த்துப்போன விரல்கள் விசைகளில் வழுக்கும். என்னை அந்தப் பிள்ளைகள் முதல் வாரம் முழுவதும் "சார்" என்று கூப்பிட்டார்கள், நான் கற்றுக்கொடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதும் இப்போதைய முறையில் அந்தத் தட்டச்சுத் தேர்வு இரண்டாம் நிலையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது, ஆகவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட முடியாது.

பணம் கொடுத்தால் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் 4 லட்சம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அப்பா தறி ஒன்றை விற்கலாமா என்று யோசித்தார். இந்தப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே 2016 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது, மதிப்பெண்ணைத் தவிர பரிந்துரைக்க யாருக்கும் அங்கே இடமில்லை என்று ஆணையைக் காட்டித் தடுத்தேன். வினாத்தாள் கசிவைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாயே என்று மடக்காதீர்கள். திருட்டு நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பவர் அந்தத் திருடர்கூட இல்லை என்கிறேன்.

2020-இல் வடக்கே ஒரு நகரத்தில் ஜி.எஸ்.டி. அலுவலகத்தில் வரி உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு 31 வயது. நான்காம் ஊதிய நிலை, அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய், பஞ்சப்படி தனி. மாமாவிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எங்ககிட்ட ஜி.எஸ்.டி. வாங்கறதுக்குத்தான் இத்தன வருசம் படிச்சியா மாப்ள?" என்றார். அப்புச்சி மட்டும் நியமன ஆணையைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பத்திரப் பெட்டியில் தோட்டத்துப் பத்திரத்துக்கு மேலே வைத்தார்.

இனி உங்கள் சான்றிதழ். நீங்கள் ஓ.பி.சி. பிரிவு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்; வேறு பிரிவானால் அதற்குரிய படிவத்தோடு இதையே செய்யுங்கள். கடைசியாக விண்ணப்பித்த தேர்வின் அறிவிக்கையைத் திறந்து, பின்னிணைப்பில் உள்ள மாதிரிப் படிவத்தையும் உங்கள் கையில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். கிரீமி லேயர் வரி இருக்கிறதா, வழங்கிய தேதி அறிவிக்கை சொல்லும் காலத்துக்குள் வருகிறதா, உங்கள் பெயரும் அப்பா பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் கீழே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பதில் சொல்வேன். லேமினேஷன் செய்துவிடாதீர்கள்.