கொரில்லா முகமூடியும் மைதாப் பசையும்: வாசகர் கேள்வி பதில்

கே: கலை உலகத்தைக் கேலி செய்யும் குழுக்கள் என்றாலே 'கொரில்லா கேர்ள்ஸ்' பெயர்தான் முதலில் வருகிறது. முகமூடி போட்டதைத் தவிர அவர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள்?
– கல்லூரி மாணவி, குன்னூர்

ப: எண்ணினார்கள். 1984-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய கண்காட்சியில் 169 கலைஞர்களில் பெண்கள் 13 பேர்தான் என்று கணக்குச் சொல்லி, மறுவருடம் உருவான பெண் கலைஞர்களின் குழு அது. முகமூடி எதற்கென்றால், பேச்சு ஆளைப் பற்றிப் போகாமல் விஷயத்தைப் பற்றி நடக்க வேண்டும் என்பதற்காக. புனைபெயர்களும் ஃப்ரீடா காலோ, கேத்தே கோல்விட்ஸ் என்று மறைந்த பெண் ஓவியர்களுடையவை.

1989-ல் வந்த அவர்களுடைய சுவரொட்டியைக் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் பின்னணி. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1814-ல் வரைந்த, முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் நிர்வாணப் பெண். தலை இருக்க வேண்டிய இடத்தில் கொரில்லா. மேலே, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் (சுருக்கமாக மெட்) அருங்காட்சியகத்துக்குள் நுழைவதற்குப் பெண்கள் நிர்வாணமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி. கீழே இரண்டே எண்கள்: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் பெண்கள் 85 சதவீதம். விளம்பரப் பலகைக்காகக் கேட்டவர்களே இதை நிராகரித்ததால், நகரப் பேருந்துகளில் இடம் வாடகைக்கு எடுத்து ஒட்டினார்கள். 2012-ல் மறுபடி எண்ணியபோது 4, 76 என்று வந்தது. ஒருமுறை எண்ணிவிட்டு விடாமல் திரும்பப் போய் எண்ணினார்களே, அதனால்தான் இவர்களை நாங்கள் மதிக்கிறோம்.

கே: எங்கள் பக்கத்து விடுதிகளில் குறும்பர் ஓவியம் மாட்டுகிறார்கள். வரைந்தவர் பெயர் இருப்பதில்லை. 'பழங்குடி ஓவியம்' என்ற சீட்டு மட்டும்தான். இதைக் கணக்கெடுத்துச் சுவரொட்டி போடலாமா?
– கோத்தகிரி வாசகர்

ப: தாராளமாக. ஆனால் கணக்கில் ஒரு பிழை இருந்தால் எதிராளி அதை மட்டும் பிடித்துக்கொள்வார். இருவர் தனித்தனியாக எண்ணுங்கள். கடைசியில்தான் நோட்டுகளை ஒப்பிட வேண்டும். ஓவியங்களின் எண்ணிக்கை வேறு, ஓவியர்களின் எண்ணிக்கை வேறு. ஒருவரே 12 படம் வரைந்திருக்கலாம். 'பெயர் உண்டு', 'கையெழுத்து மட்டும் உண்டு', 'எதுவும் இல்லை' என்று மூன்று பத்தி போதும். முன்னெழுத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க வேண்டாம். மொத்தம் 20-க்குக் கீழே இருந்தால் சதவீதம் போடாதீர்கள். '14 படங்களில் பெயர் உள்ளவை 2' என்றே அச்சிடுங்கள். எண்ணிய தேதி கட்டாயம்.

இன்னொன்று, கேலி விடுதியின் சீட்டைத்தான் குத்த வேண்டும், ஓவியத்தை அல்ல. வேங்கைப் பிசினைக் காய்ச்சி அந்தச் செம்பழுப்பு நிறத்தை எடுப்பவரின் உழைப்பு அது. ஓவியத்தின் படத்தைச் சுவரொட்டியில் சேர்ப்பதென்றால் வரைந்தவரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் போட்டால், நீங்களும் விடுதிக்காரர் செய்ததையே செய்தவர்களாவீர்கள்.

கே: ஒட்டிய சுவரொட்டி இரண்டே நாளில் சுருண்டு விழுகிறது. பசையில் கோளாறா?
– கொடைக்கானல் நண்பர்கள்

ப: பாதி பசை, பாதி ஈரம். 100 கிராம் மைதாவை 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 800 மில்லி தண்ணீர் கொதித்ததும் கரைசலை மெல்ல ஊற்றி, சிறு தீயில் 5 முதல் 7 நிமிடம் விடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆனால்தான் வெந்தது. சீக்கிரம் இறக்கினால் மாவு நீராகவே நின்று, காய்ந்ததும் பொடியாக உதிரும். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மாவு வேக அது போதும், ஆகவே தயங்க வேண்டாம்.

சுவரில் பாசி இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய விடுங்கள். பாசிமேல் ஒட்டினால் காகிதம் பாசியோடு உரிந்து வரும். காலை வெயில் சுவரில் விழுந்த பிறகு தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். காகிதத்தின் பின்புறம் பசை தடவி 2 நிமிடம் ஊறவிட்டு ஒட்டுங்கள். ஊறாமல் ஒட்டினால் சுவரில் போனபின் விரிந்து சுருக்கம் விழும். ஓரங்களுக்கு மேலேயும் ஒரு பூச்சு. இங்க்ஜெட் அச்சு பனியில் கரைந்து ஒழுகும். ஜெராக்ஸ் கடை அச்சுதான் நிற்கும்.

பழைய ஆட்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், பூஞ்சை வராது என்று. உங்கள் ஊரில் செய்யாதீர்கள். மாடுகளும் காட்டுமாடுகளும் தெருவிலேயே நடக்கின்றன. மாவு வாசனைக்குக் காகிதத்தைக் கிழித்துத் தின்றால் அது விஷம். அன்றன்று காய்ச்சிய பசையே போதும். சுவர்க்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

கே: கேலி செய்பவர்களையே சந்தை விலைக்கு வாங்கிவிடுகிறதே?
– ஊட்டி வாசகர்

ப: வாங்குகிறது. 2018-ல் லண்டன் ஏலத்தில் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் போன, முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸியின் படம், ஏலச் சுத்தியல் விழுந்ததும் படச்சட்டத்துக்குள் இருந்த இயந்திரத்தில் பாதி நறுக்கப்பட்டது. 2021-ல் அதே கிழிசல் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 'மிஸ்சீஃப்' என்ற அமெரிக்கக் கலைக் குழுவின் வேலை இதைவிடக் கூர்மையானது என்பது எங்கள் கருத்து. 2021-ல் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கோட்டோவியம் ஒன்றை எடுத்து, ரோபோ கையால் 999 நகல் வரைந்து, வெப்பமும் ஈரமும் கொடுத்துக் காகிதத்தைப் பழசாக்கி, அசலையும் அதோடு கலந்து, ஒவ்வொன்றையும் 250 டாலருக்கு விற்றார்கள். கலைச் சந்தையில் விலையைத் தாங்கி நிற்பது 'இது அவர் கைபட்டது' என்ற சான்று. அந்தச் சான்றையே தகர்த்தார்கள்.

கே: செலவே இல்லாமல் ஏதாவது?
– குன்னூரிலிருந்து இன்னொருவர்

ப: சிவப்புப் பேனா போதும். 1990-களின் இறுதியில் லண்டனில் 'பேங்க்' என்ற குழு, கேலரிகள் கண்காட்சி பற்றி அனுப்பும் செய்தி அறிக்கைகளைத் தமிழாசிரியர் நோட்டுத் திருத்துவதுபோலத் திருத்தி, 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, ஃபேக்ஸில் திருப்பி அனுப்பியது. கோடை விழாவில் கொடுக்கும் கண்காட்சிக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெளியின் மௌனத்தோடு உரையாடும் படைப்பு' என்று இருந்தால் அடிக்கோடிட்டு, 'என்ன வரைந்திருக்கிறார்?' என்று ஓரத்தில் கேளுங்கள். எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்காதீர்கள். பொருளில்லாத வாக்கியத்துக்கு இரண்டு குறையுங்கள். திருப்பி அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.