வீல் சுடுகிறதா பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

ஒஹாயோவில், கொலம்பஸில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து 2004 மெர்குரி கிராண்ட் மார்க்கீ ஒன்றை 2,500 டாலருக்கு வாங்கினேன். கணவர் போனபிறகு அவர் அதை அதிகம் வெளியே எடுக்கவில்லை. கராஜிலேயே நின்றிருக்கிறது. மொத்தமே 42,000 மைல்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் தேயவே இல்லை.

செப்டம்பரில் அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்து யூட்டாவில் பிரைஸ் கேன்யன் வரை கூட்டிப்போக ஆசை. முதல் நாளே கான்சாஸில் ஹேஸ் வரை போய்விடலாம் என்று திட்டம். நண்பர்கள் தாத்தா கார் என்று சிரிக்கிறார்கள், எஸ்யூவி வாடகைக்கு எடு என்கிறார்கள். மெர்குரி கம்பெனியையே மூடிவிட்டார்களே, பார்ட்ஸ் கிடைக்குமா? சிந்தெடிக் ஆயில் போடலாமா? இவ்வளவு பெரிய எஞ்சின் பெட்ரோலைக் குடிக்குமே என்ற உறுத்தலும் இருக்கிறது. அப்புறம், அப்பா அரசுப் பேருந்தில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். எந்த வண்டியில் ஏறினாலும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே வருவார். அவரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. இந்தக் காரை எடுத்துப் போகலாமா, வாடகை வண்டிதான் நல்லதா?

க., கொலம்பஸ்

*

அன்புள்ள க.,

கடைசியில் போகிற போக்கில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். இரண்டு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மெர்குரியை மூடினாலும் உங்கள் காருக்குப் பார்ட்ஸ் பஞ்சம் வராது. கிராண்ட் மார்க்கீ, ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா, லிங்கன் டவுன் கார் மூன்றும் ஒரே சேஸிஸ்மேல் கட்டிய வண்டிகள். இந்த நாட்டில் பாதிப் போலீசும் பாதி டாக்சியும் அதில்தான் ஓடின. கனடாவில் செயின்ட் தாமஸ் தொழிற்சாலையில் கடைசி வண்டி இறங்கியது 2011 செப்டம்பரில். பார்ட்ஸ் கடைகளில் இன்றும் அதற்குத் தனி வரிசை உண்டு. ஆயில் 5டபிள்யூ-20, சிந்தெடிக்கோ சாதாவோ, நேரத்துக்கு மாற்றினால் போதும். பெட்ரோலைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் காலனுக்கு 23, 24 மைல் கொடுக்கும். மூன்று பேர் உட்கார்ந்து போகும்போது அதில் உறுத்த ஒன்றும் இல்லை.

முதல் நாளே ஹேஸ் என்கிறீர்கள். கொலம்பஸிலிருந்து அது 900 மைலுக்கு மேல். பதினான்கு மணி நேரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறீர்களா? பின்னால் இரண்டு வயதானவர்களை வைத்துக்கொண்டு? விமானத்தில் இருபது மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள். கால் வீங்கும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள், அடக்கிக்கொள்வார்கள். இது அறிவில்லாத திட்டம், தம்பி. பிரைஸ் வரை போக மட்டும் 1,800 மைலுக்கு மேல் வரும். ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை போதாது என்றால் பக்கத்தில் ஏதாவது ஊருக்குக் கூட்டிப்போங்கள்.

இனி 42,000 மைல் விஷயம். அதைச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் ஒரு பெருமை தெரிகிறது. அந்தப் பெருமையைத்தான் நான் உடைக்க வேண்டியிருக்கிறது.

இருபது வயது தாண்டிய கார் 42,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால், அது வாழ்நாளில் பெரும்பகுதி நின்றிருக்கிறது என்று அர்த்தம். நின்ற வண்டி கெடும். எஞ்சினுக்குள் இருக்கும் இரும்பு ஆயிலில் குளித்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் கேட்கிற அமைதியான சத்தம் அதன் சத்தம். கெடுவதெல்லாம் எஞ்சினைச் சுற்றி இருப்பவை. ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், டயர், பிரேக் ஹோஸ் எல்லாமே ரப்பர். ரப்பருக்கு மைல் கணக்குத் தெரியாது, வருடக் கணக்குத்தான் தெரியும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். சமவெளியில் அது வெளியே தெரியாது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஒஹாயோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்போடு கராஜில் நின்ற வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தீர்களா?

டயரில் பட்டன் தேயவில்லை என்பது அது எப்போது செய்த டயர் என்று சொல்லாது. பக்கவாட்டில் டி.ஓ.டி என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3614 என்று இருந்தால் 2014ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கத்தில் அந்த நான்கு எண் இல்லாவிட்டால் உட்பக்கம் இருக்கும், டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. டயர் செய்பவர்களே பலர் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதே என்கிறார்கள். அந்த எண்ணைப் படிக்காமல் நீங்கள் கிளம்பக் கூடாது. பட்டன் பளபளவென்று இருக்கும் பழைய டயர், செப்டம்பர் வெயிலில் 75 மைல் வேகத்தில், முழு பாரத்தோடு ஓடும்போதுதான் பிய்ந்து போகும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. நானும் இதே பெருமையோடு கிளம்பியவன்.

2012இல் நான் வாங்கியதும் கிராண்ட் மார்க்கீதான், 1999 மாடல். அதுவும் ஒரு முதியவர் வீட்டில் நின்ற கார், 51,000 மைல். அந்த வருடம் அப்பா அம்மா டேட்டனுக்கு வந்தார்கள். அப்பா திண்டுக்கல் ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஆயிரம் தடவையாவது ஏறி இறங்கியிருப்பார். டேட்டனில் ஒரு நாள் காரின் முன்கதவைத் திறந்து பார்த்தார். கதவுக்குக் கதவு நீண்ட ஒரே முன்சீட், நடுவில் கியர் பெட்டி இல்லை, கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்திலேயே. அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. அவருடைய முதல் அம்பாசிடரில் கியர் அங்கேதான் இருந்தது. "நம்ம வண்டியத்தான் இழுத்து நீட்டி விட்டிருக்கானுக" என்றார். வந்து ஒரு வாரம் யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி இருந்தவர், அன்றுதான் சகஜமானார்.

செப்டம்பரில் இதே ஐ-70இல் மேற்கே போனோம். கிளம்புமுன் ஒரு கடையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் புதிதாகப் போட்டிருந்தேன். கான்சாஸ் முழுக்க அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி வண்டியை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு வீல் பக்கத்திலும் குனிந்து புறங்கையைக் கொண்டுபோய் வைப்பார், தொடாமல், ஒரு விரல் இடைவெளியில். சின்ன வயதில் அவர் வெள்ளி நீர்வீழ்ச்சியில் டாக்சியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அவருக்கு அது பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

டென்வர் தாண்டியதும் ஏற்றம். 11,000 அடிக்கு மேலே ஐசன்ஹோவர் சுரங்கம், அதைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். கியர் கம்பி நுனியில், உச்ச கியரை நிறுத்திவைக்கும் ஓவர்டிரைவ் பட்டன் இருக்கிறது, உங்கள் காரிலும் இருக்கும். அதை அமுக்கி எஞ்சினைக்கொண்டு வேகத்தைப் பிடிக்க வேண்டும். எந்த கியரில் ஏறுகிறாயோ அதில்தான் இறங்க வேண்டும் என்பது அப்பாவின் காட் ரோடு பாடம். அதைச் செய்தேன். கிராண்ட் ஜங்ஷன் வந்து பெட்ரோல் போடும்போது அப்பா வழக்கம்போல ஒரு சுற்று வந்துவிட்டு, "வலது பின்வீல் மட்டும் சூடு தூக்கலா இருக்குப்பா" என்றார்.

எனக்கு ஆறு மணி நேர ஓட்டக் களைப்பு. "மலை இறங்கி வந்தா பிரேக் சுடத்தான் செய்யும்பா. இது ஒண்ணும் உங்க அம்பாசிடர் இல்ல" என்றேன். அம்மா முன்னால், கொஞ்சம் சத்தமாக.

அவர் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். கிராண்ட் ஜங்ஷனிலிருந்து கிரீன் ரிவர் சுமார் 100 மைல். திறந்த வறண்ட நிலம், நேரான ரோடு. அந்த 100 மைலும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிரீன் ரிவரில் நிறுத்தினேன். இறங்கினார், மறுபடியும் ஒரு சுற்று. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து, விரலால் ஒவ்வொரு வீலிலும் நாலு சொட்டுத் தெளித்தார். மூன்றில் ஒன்றும் இல்லை. வலது பின்வீலில் சுர்ரென்றது. அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "மலை அப்பவே முடிஞ்சுபோச்சு. நூறு மைலா நீ பிரேக்ல காலே வைக்கல. பெறகு இது ஏன் சுடுது?"

எனக்குப் பதில் இல்லை. அங்கிருந்து சலைனா வரை சுமார் 110 மைல். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஒரு கடை கிடையாது. அதை எச்சரிக்கிற பலகையே ரோட்டோரம் இருக்கிறது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் ரோடு. அந்த வழியில் அந்த வீலோடு இருட்டுகிற நேரத்தில் நான் போயிருப்பேன்.

ஊரிலிருந்த ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றினார். பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிப்பது காலிப்பர். அது நகர்வதற்குப் பின் என்று இரண்டு இரும்புக் கம்பி உண்டு. பேட் மாற்றினால் அவற்றை உருவித் துடைத்து கிரீஸ் போட வேண்டும். ஒஹாயோ கடையில் அதைச் செய்யவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்த பின்னோடு புதுப் பேடைச் சொருகிவிட்டிருந்தார்கள். உள்பக்கப் பேட் விடாமல் உரசி இரும்புவரை தேய்ந்திருந்தது, டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. புதுக் காலிப்பர் மறுநாள்தான் வந்தது. இரண்டு ராத்திரி அந்த ஊரிலேயே தங்கினோம். "நான் அப்பவே சொன்னேன்" என்று அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போதும் சொல்லவில்லை. ஊருக்குப் போனபிறகும் யாரிடமும் சொல்லவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஐந்து வருடம் இருந்தது. 2017இல் போய்விட்டார்.

உங்கள் அப்பாவைச் சமாளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டியவரை நீங்கள் என்ன சமாளிப்பது? அவர் சொல்வது குறையாக உங்கள் காதில் விழுகிறது. முன்சீட்டில் உட்கார வையுங்கள். சத்தம் வருகிறது என்றால் ரேடியோவை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இழுக்கிறது என்றால் அடுத்த எக்ஸிட்டில் ஓரம்கட்டுங்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. அதற்காக முகத்தைச் சுளிக்காதீர்கள்.

எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதிருக்கும் நிலையில் கூடாது. இன்னும் நேரம் இருக்கிறது. டயரின் எண்ணைப் படித்து, பழையது என்றால் நான்கையும் மாற்றுங்கள். ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் புதிது. கூலன்ட் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், காரின் கையேட்டில் சொன்ன வகைதான். பிரேக் ஆயிலை முழுக்க மாற்றச் சொல்லுங்கள். காலிப்பர் பின்னைத் துடைத்து கிரீஸ் போடும்போது பக்கத்தில் நின்று கண்ணால் பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் நகராதீர்கள். பிறகு தினமும் வேலைக்கு அதில் போங்கள். வார இறுதியில் சின்சினாட்டி வரை போய்வந்து வீலைத் தொட்டுப் பாருங்கள். இப்படி 1,000 மைல் ஓட்டியபின் ஒன்றும் சொட்டவில்லை, ஒன்றும் சுடவில்லை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். மூன்று பேர் கால் நீட்டி உட்கார இதைவிட நல்ல வண்டி கிடையாது. கொலராடோவிலும் யூட்டாவிலும் 85 ஆக்டேன் என்று போட்ட மலிவுப் பெட்ரோல் இருக்கும், அதைத் தொடாதீர்கள், 87 போடுங்கள்.

கிரீன் ரிவரில் முலாம்பழம் பிரசித்தம், நீங்கள் போகிற செப்டம்பர் அதற்குச் சரியான காலம். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா ரோட்டோரக் கடையில் ஒன்று வாங்கி, காரின் டிக்கிமேல் பேப்பரை விரித்து, பேனாக்கத்தியால் கீற்றுப் போட்டு முதல் கீற்றை என்னிடம் நீட்டினார். அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். காலையில் 110 மைல் ரோட்டில் ஏறுவதற்கு முன் அப்பாவை ஒரு சுற்று வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்