தெருமுனை ஹைட்ரண்டு: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஹைட்ரண்டை, அதாவது தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாயை, திறந்து தண்ணீரை ஓட விட்டார்கள். அன்று மாலை பாதி வீடுகளில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் வந்தது. குழாய் பராமரிப்புக் குத்தகை வேலையில் நான் பல வருடம் இருந்தவன் என்பதால் ஆளுக்கொரு கேள்வியோடு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, அடிக்கடி தண்ணீர் வெட்டு வருகிற ஊரில் நல்ல தண்ணீரை இப்படி லோங்காங்கில் (சாக்கடையில்) விடலாமா?

கோபம் நியாயம்தான். ஆனால் அது வீணாக விட்ட தண்ணீர் இல்லை. குழாய்க்குள் இரும்புத் துரு, மாங்கனீசு, மெல்லிய மண் எல்லாம் அடியில் படிந்துகொண்டே இருக்கும். தெருக்கோடியில் முடிந்துபோகும் குழாயில் தண்ணீர் நகர்வதே இல்லை. அங்கே குளோரினும் குறைந்து போகும், வாடையும் வரும். படிந்ததைக் கிளப்பி வெளியேற்ற வேகம் வேண்டும். வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் குழாய் நன்றாகச் சுத்தமாகும். நம் தெருக்களில் இருக்கிற மாதிரி 100 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 7,000 லிட்டர். 150 மில்லிமீட்டர் குழாய் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக் குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அந்த வேகம் கிடைக்காது, அதனால்தான் ஹைட்ரண்டு.

அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வ், தீப்பிடித்த ராத்திரியில் திறக்காது. திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்க இதைவிட வேறு வழி கிடையாது.

கேள்வி: அந்தக் கலங்கல் தண்ணீரில் பள்ளிச் சட்டையெல்லாம் துவைத்துவிட்டேன், மஞ்சள் கறை. குளோரோக்ஸ் (வெளுப்புத் திரவம்) போட்டால் போகுமா?

போடாதீர்கள் அக்கா! அது இரும்புக் கறை. குளோரோக்ஸ் பட்டால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். துணியைக் காயவிடாமல் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள்.

அடுத்த முறை அறிவிப்பு வந்தால் மீட்டர் பக்கத்து வால்வை அடைத்துவிடுங்கள். கூரைமேல் உள்ள தாங்கித் தண்ணீர் வேலை முடியும்வரை போதும். வேலை முடிந்ததும் முதலில் வாசல் குழாயைத் திறந்து, தெளிவாக வரும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் தாங்கிக்கு விட வேண்டும். ஒருமுறை தாங்கிக்குள் மண் போய்விட்டால் அதைக் கழுவும்வரை தொல்லைதான். வெளியே மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பின்னோக்கிக் கழுவிவிடுங்கள். தெளியும்வரை குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாகவே வந்தால் தண்ணீர் வாரியத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். சாவி எங்களிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஹைட்ரண்டைத் திறந்து லாரித் தொட்டியில் பிடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. காரியம் நல்ல காரியம்தான், வழி சரியில்லை. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் இருக்கிறது, ஹைட்ரண்டை மறைத்து வைப்பதும் அனுமதி இல்லாமல் அதன் தண்ணீரை எடுப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், நடக்கக்கூடிய ஆபத்தைச் சொல்கிறேன்.

ஓடுகிற தண்ணீரை வால்வைப் படாரென்று மூடி நிறுத்தினால் அந்த அடி முழுவதும் குழாய்மேல் விழும். இரும்புக் குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுவதைச் சட்டென்று நிறுத்தினாலே சுமார் 10 பார் அழுத்தம் கூடுதலாக ஏறும். வீட்டுக்கு வருகிற சாதாரண அழுத்தத்தைப் போல அது இரண்டு மடங்குக்கும் மேல். பழைய இணைப்பு எங்காவது விட்டுப்போகும், தெருவே இரண்டு நாள் தண்ணீரில்லாமல் கிடக்கும். இன்னொன்று, ஹோஸ் முனை லாரித் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கும்போது தெருக்குழாயில் அழுத்தம் இறங்கினால் தொட்டியில் இருப்பது குழாய்க்குள் திரும்ப உறிஞ்சப்படும். அந்தத் தொட்டியில் முன்பு உரம் கலந்திருந்தால்? அதைத்தான் அடுத்த தெருப் பிள்ளைகள் குடிக்கும். வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், தண்ணீர் லாரி அனுப்புவார்கள். அந்தச் சாவியையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் தன்னார்வத் தீயணைப்புப் படையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஹைட்ரண்டைச் சரியாகத் திறந்து கழுவும் முறையைச் சொல்லுங்கள் அண்ணே.

முதல் விஷயம், வாரியத்துக்குத் தெரியாமல் தொடக் கூடாது. அவர்கள் ஆள் கூட இருந்தால் எந்த வால்வ் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தெரியும். எங்கே தொடங்குவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. பெரிய குழாயில், சுத்தமான தண்ணீர் வருகிற பக்கத்தில் ஆரம்பித்துத் தெருக்கோடியை நோக்கிப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் சுத்தம் செய்த குழாய்க்குள் பழைய அழுக்கையே இழுத்து விடுவோம்.

தண்ணீர் எங்கே போய் விழும் என்பதைத் திறப்பதற்கு முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள். நேராக ரோட்டில் பாய்ந்தால் மோட்டார் சைக்கிள்காரன் சறுக்கி விழுவான், எதிர்ப்பக்கக் கரை அரித்துப் போகும். ஹோஸ் மாட்டி, அதன் முனையைக் கட்டி, லோங்காங்கில் விடு. கூம்பு வை, ஒரு ஆளை ரோட்டில் நிறுத்து. லோங்காங் அடைத்திருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப் போடு.

அப்புறம் மூடியைக் கழற்றும்போது எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். உள்ளே காற்று அடைபட்டு அழுத்தத்தோடு இருக்கலாம், மூடி தெறித்தால் முகத்தைத்தான் பதம் பார்க்கும். மெதுவாகக் கொஞ்சம் தளர்த்தி, 'உஸ்' என்று காற்று போகும்வரை காத்திருந்து, பிறகு முழுதாகக் கழற்று. உள்ளே கையை விடாமல் முதலில் டார்ச் அடித்துப் பார். குளவிக்கூடு இருக்கும், பிள்ளைகள் திணித்த கல் இருக்கும், சிமெண்டுக் கட்டிகூட இருக்கும். கீழே வால்வ் குழியைத் திறக்கும்போது பாம்பையும் நினைவில் வை. பயன்படுத்தாத மறுபக்க மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வால்வைத் தொட வேண்டும்.

சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்று. பெரும்பாலும் வலப்பக்கம் சுற்றினால் மூடும், ஆனால் எல்லாம் அப்படி இல்லை, அம்புக்குறியைப் பார். எத்தனை சுற்றில் முழுதாகத் திறந்தது என்று நோட்டில் எழுதி வை. அடுத்த வருடம் அதே ஹைட்ரண்டு பாதிச் சுற்றிலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ பழுது என்று அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். இறுகியிருந்தால் சாவியில் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி மிதிக்காதே, தண்டு முறிந்துவிடும். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் இளக்க வேண்டும். கிரீஸ் போடுவதென்றால் குடிதண்ணீருக்கு ஏற்றது மட்டும்தான், பட்டறை கிரீஸ் ஆகாது.

வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்துத் தெளிவு வந்ததும் நிறுத்தலாம். மூடுவது திறந்ததைவிட இன்னும் நிதானமாக இருக்க வேண்டும், கடைசிச் சில சுற்றுகளில்தான் அடி விழும். மூடிய பிறகும் சொட்டினால் ரப்பர் வாஷரில் மண் சிக்கியிருக்கும். மறுபடி கொஞ்சம் திறந்து கழுவிவிட்டு மூடு, பலம் கொடுத்து இறுக்கினால் வாஷர் கிழியும்.

கேள்வி: அமெரிக்க வீடியோவில் ஹைட்ரண்டை முழுதாகத் திறக்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் அடியில் மண் அரிக்குமாம். மூடியின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டாமே?

அங்கே குளிர் நாடு. தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் வால்வ் மண்ணுக்கடியில் இருக்கும், மேல் தூண் காலியாக இருக்கும். தூணில் மிஞ்சும் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை உண்டு. பாதி திறந்தால் அது வழியே தண்ணீர் பீய்ச்சி மண்ணை அரிக்கும். நமக்குப் பனி கிடையாது, நம் ஹைட்ரண்டில் வால்வ் மேலே வாய்ப்பக்கமே இருக்கிறது. நிறமும் அவர்கள் கணக்குத்தான்: நிமிடத்துக்கு 1,500 காலனும் அதற்கு மேலும் வந்தால் இளநீலம், 500க்குக் கீழே என்றால் சிவப்பு. இங்கே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் கடை வரிசையில் ஹைட்ரண்டில் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்த்தபோது அழுத்தம் நன்றாகத்தான் காட்டியது. தீப்பிடித்த அன்று போம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) தண்ணீர் வரவில்லை என்றார்களே, எப்படி?

எல்லாரும் படிக்க வேண்டிய கேள்வி இது. தண்ணீர் வெளியே ஓடாதபோது கேஜ் காட்டுவது நிற்கிற தண்ணீரின் அழுத்தம். மயிரிழை திறப்பு வழியாக வந்தாலும் அது 4 பாருக்கு ஏறி நிற்கும். ஓட விட்டால்தான் உண்மை தெரியும்.

என் அனுபவத்தில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். குழாய் உடைந்து சரிசெய்தவர்கள் தெருவுக்கடியில் உள்ள வால்வை மூடியிருப்பார்கள். வேலை முடிந்ததும் இரண்டு சுற்றுத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். வீடுகளுக்கு அந்தச் சின்ன இடுக்கு போதும், யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஹைட்ரண்டைத் திறந்த நொடியில் கேஜ் முள் 4இலிருந்து சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடும், வாயில் தண்ணீர் கயிறு போல வடியும். அதனால் பரிசோதனை என்றால் ஒரு ஹைட்ரண்டில் கேஜ், பக்கத்து ஹைட்ரண்டைத் திறந்து ஓட்டம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடைக்காரர் சங்கம் வாரியத்திடம் இதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்: "ஓட்டப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?"

கேள்வி: நான் பாமாயில் மில்லில் வேலை. உள்ளே இருக்கிற ஹைட்ரண்டுகளை யார் பார்க்க வேண்டும்?

மில்தான். வேலிக்குள் இருப்பது உரிமையாளர் பொறுப்பு. குளத்துத் தண்ணீரில் ஓடுகிற அமைப்பு என்றால் சேறும் பாசியும் சீக்கிரம் அடைக்கும், உறிஞ்சு குழாயின் சல்லடையை அடிக்கடி கழுவுங்கள். டீசல் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி செத்திருப்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து லயத்தில் ஹைட்ரண்டே கிடையாது. தீப்பிடித்தால் என்ன செய்வது?

இது எனக்கு நெடுநாள் கவலை. தீயணைப்பு வண்டி தானே தண்ணீர் கொண்டுவரும், ஆனால் முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்தது குளமோ ஆறோதான். பம்ப் தண்ணீரை உறிஞ்சித் தூக்கக்கூடிய உயரம் நடைமுறையில் 7 மீட்டர்தான், அதனால் வண்டி குளக்கரை ஓரம்வரை வர வேண்டும். அந்தப் பாதையில் லாலான் புல் மண்டாமல், சங்கிலிக் கேட் போட்டுப் பூட்டாமல் வைத்திருக்க மானேஜரிடம் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று லயத்தில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அழைப்பது 999, தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கழுவிய தண்ணீர் என் மீன் குளத்துக்கு வந்தால்?

குளோரின் மீனைக் கொல்லும். முன்பே சொல்லி வையுங்கள், வேறு பக்கம் திருப்பலாம். முடியாதென்றால் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறிக்கலாம்.

கேள்வி: மூடியைத் திருடிவிட்டார்கள், சங்கிலி மட்டும் தொங்குகிறது. யாரிடம் சொல்வது?

பித்தளைக்காகத் திருடுகிறார்கள். பொது ரோட்டு ஹைட்ரண்டு என்றால் வாரியத்துக்கும் பக்கத்துப் போம்பா நிலையத்துக்கும், இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். படம் எடுத்து, பக்கத்து விளக்குக் கம்பத்தில் இருக்கும் எண்ணையும் எழுதுங்கள், தெருப்பெயர் மட்டும் சொன்னால் தேடிக்கொண்டு அலைவார்கள். கையோடு இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்: வால்வ் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா (ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்), சுற்றிப் பூத்தொட்டி, கார், பழைய சோபா ஏதாவது வழியை அடைக்கிறதா. புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மூடி வரும்வரை விடாமல் கேளுங்கள்.